எதிரியின் ஏப்பம்

இந்த வாரம் ஹெல்மெட் பற்றி எழுத உத்தேசம். உடனே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஹெல்மெட்டை பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்துக்கொண்டு போய், சிக்னலில் வெள்ளைச் சட்டை தெரிந்த மாத்திரத்தில் தலைக்கு மாற்றிக்கொள்ளும் அன்பர்களுக்கு உபதேசம் செய்யப்போவதில்லை. அதற்கென்று சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, இதே வித்தையைக் குளத்துத் தண்ணீரில் செய்துகொண்டிருக்கும் ஒரு பிராணி பற்றி. ஆபத்து இல்லையென்றால் வெறுந்தலை. எதிரி பக்கத்தில் இருக்கிறான் என்று தெரிந்தால் ஹெல்மெட். ஒரே ஒரு வித்தியாசம். நாம் ஹெல்மெட்டைக் கடையில் வாங்குகிறோம். அது தலையிலேயே முளைக்கவைத்துக்கொள்கிறது.

பெயர் டாப்னியா. வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். மீன் குஞ்சுகளுக்கு உயிரோடு போடும் தீனி. என் அக்கா பையன் ஒருவன் இருக்கிறான். சாஃப்ட்வேர் கம்பெனி உத்தியோகம், ஒண்டிக்கட்டை ஃபிளாட், அதில் மூன்று மீன் தொட்டி. அவனிடம் டாப்னியா என்றதும், "அதுவா மாமா, மீன் சாப்பாடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். உலகத்தில் பலருடைய வாழ்க்கை வரலாறு இப்படித்தான் முடிக்கப்படுகிறது.

ரவையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அந்த சைஸ். 1-லிருந்து 3 மில்லிமீட்டர். ஸ்வாமர்டாம் என்கிற டச்சுக்காரர் 1669-லேயே இதைப் பார்த்துவிட்டு 'நீர்த் தெள்ளுப்பூச்சி' என்று லத்தீனில் பெயர் வைத்தார். தத்தித் தத்தி நீந்துவதால் அப்படி. மற்றபடி நாய் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது இறால், நண்டு வகையறா. உடம்பு முழுக்கக் கண்ணாடி. ஒரு சாதாரண லென்ஸ் வைத்துப் பார்த்தால் இதயம் அடிப்பது தெரியும். காலையில் சாப்பிட்ட பாசி குடலில் பச்சையாகத் தெரியும். முதுகுப் பையில் முட்டைகளை எண்ணலாம். ஒளித்து வைக்க ஒன்றுமே இல்லாத ஜீவன்.

இன்னொரு விஷயம். டாப்னியாவுக்கு வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் ஆண் துணை தேவையில்லை. அம்மா தானாகவே பெண்களைப் பெற்றுக்கொண்டிருக்கிறாள். மகள்கள் அச்சு அசலாக அம்மா. ஜீன்களில் ஒரு கமா, ஒரு முற்றுப்புள்ளிகூட மாறாது என்றே சொல்லலாம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் சுவாரஸ்யமே இங்கேதான் இருக்கிறது.

*

ஐரோப்பிய ஏரிகளில் டாப்னியா பிடித்துக்கொண்டிருந்த விஞ்ஞானிகளுக்கு நூறு வருஷங்களுக்கு முன் ஒரு குழப்பம். குளிர்காலத்தில் வலை வீசினால் உருண்டைத் தலையோடு வருகிறது. அதே ஏரியில் கோடையில் வீசினால் உயரமான கூம்புத் தலையோடு வருகிறது. புது இனமா என்றால் இல்லை. குளிர்காலப் பாட்டியின் கோடைக்காலப் பேத்திகள்தான்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வெயிலில் தண்ணீரின் கெட்டித்தன்மை குறைகிறது, மூழ்காமல் மிதப்பதற்காகத் தலை நீள்கிறது என்றார்கள் சிலர். 1909-ல் ரிச்சர்ட் வோல்டரெக் என்ற ஜெர்மானியர் இந்தத் தலைகளை அளந்து, தீனியை மாற்றிக் கொடுத்துப் பார்த்து, ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னார். ஜீன் என்பது ஒரே ஒரு உருவத்துக்கான உத்தரவு கிடையாது. 'சூழ்நிலை இப்படி இருந்தால் இப்படி, அப்படி இருந்தால் அப்படி' என்று ஒரு பட்டியலே அதில் இருக்கிறது. உயிரியல் படித்தவர்கள் இன்றைக்கும் இதை 'ரியாக்‌ஷன் நார்ம்' என்று சொல்கிறார்கள்.

தலை ஏன் மாறுகிறது என்பதற்கு ஒரு நல்ல துப்பு வேறொரு பிராணியிடமிருந்து கிடைத்தது. ரோட்டிஃபர் என்று டாப்னியாவைவிடப் பொடி ஜீவன் ஒன்று. அதில் பிராக்கியோனஸ் என்பது சாது. ஆஸ்ப்ளாங்க்னா என்பது அதை முழுங்கும் பெரியண்ணன். பெரியண்ணன் இருந்த தண்ணீரில், கவனியுங்கள், அண்ணனை எடுத்துவிட்டு வெறும் தண்ணீரில் வைத்தாலே, சாதுவின் முட்டைகளிலிருந்து நீண்ட முள்ளோடு குஞ்சுகள் வந்தன. 1952-ல் பிரான்சில் போஷாம்பும், 1966-ல் அமெரிக்காவில் ஜான் கில்பெர்ட்டும் இதைக் காட்டினார்கள். அம்மாவுக்கு முள் இல்லை. குழந்தைக்கு இருக்கிறது. முள்ளோடு இருப்பதை முழுங்க அண்ணனால் சுலபத்தில் முடிவதில்லை.

1981-ல் க்ரூகர், டாட்சன் என்ற இருவர் டாப்னியாவிலும் இதே மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். இங்கே வில்லன் கயோபோரஸ். கொசுவுக்குச் சொந்தக்கார ஒரு பூச்சியின் புழு. அதுவும் கண்ணாடி உடம்பு. தண்ணீரில் படுத்தபடி அசையாமல் காத்திருந்து, பக்கத்தில் அதிர்வு கேட்டதும் ஒரே வெட்டில் பிடித்துவிடும். பெரிசானதும் பறந்துபோய்விடும், யாரையும் கடிக்காது. சின்ன வயசில் ரௌடியாக இருந்து பிற்காலத்தில் சாதுவாகிவிடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இந்தப் புழு வாழ்ந்த தண்ணீரில் வளர்ந்த டாப்னியாக் குட்டிகளுக்குப் பிடரியில் குட்டிக் குட்டிப் பற்கள் முளைத்தன. சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத சைஸ். ஆனால் புழு கவ்வும்போது வசமான பிடி கிடைக்காமல் நழுவவைக்க அதுவே போதும். அம்மாவின் பையில் கருவாக இருக்கும் கடைசிக் கட்டத்திலேயே தண்ணீரின் சேதி குட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பிறந்து வெளியே வரும்போது தயாராக வருகிறது.

வளர்ந்து, புழுவின் வாய்க்கு அடங்காத சைஸ் வந்ததும், சட்டை உரிக்கும்போது பற்களையும் கழற்றிவிடுகிறது.

*

"அது சரி மாமா, எதிரி இருக்கான்னு தண்ணிக்கு எப்படித் தெரியும்?" என்றான் அக்கா பையன். அவன் மூன்று தொட்டிக்காரன். கேட்க உரிமை உண்டு.

வாசனை. எதிரியின் உடம்பிலிருந்து ஏதோ ஒரு கெமிக்கல் தண்ணீரில் கலக்கிறது. இப்படி ஒருவன் விட்டு, இன்னொரு ஜாதிக்காரன் மோப்பம் பிடித்து லாபம் அடையும் கெமிக்கலுக்கு 'கைரோமோன்' என்று பெயர். அது என்ன கெமிக்கல் என்று கண்டுபிடிக்கத்தான் வெகு காலம் பிடித்தது. ஏனென்றால் அளவு அத்தனை சொற்பம். ஒரு ஏரித் தண்ணீரில் எத்தனையோ ஆயிரம் சமாசாரம் கரைந்திருக்கும். அதில் ஒன்றைத் தேடுவது, தி. நகர் தீபாவளிக் கூட்டத்தில் ஒரு குறிப்பிட்ட சென்ட் போட்ட ஆசாமியைக் கண்ணை மூடிக்கொண்டு தேடுவதற்குச் சமம்.

2018-ல் விடை வந்தது. கயோபோரஸ் புழுவின் வாசனை என்பது கொழுப்பு அமிலத்தோடு குளூட்டமின் என்ற அமினோ அமிலம் ஒட்டிய சில பொருட்கள். அவை புழுவின் ஜீரண வேலைக்கானவை. புழு டாப்னியாவைத் தின்றுவிட்டு, செரிக்காத ஓட்டைத் திரும்ப வெளியே கக்கும். அப்போது ஜீரண ரசமும் சேர்ந்து வந்துவிடும்.

சுருக்கமாக, எதிரியின் ஏப்பம்.

அடுத்த வருஷமே, 2019-ல், மீனின் ரகசியமும் வெளிப்பட்டது. கெண்டை ஜாதி மீன்கள் விடும் வாசனை 5-ஆல்ஃபா சிப்ரினால் சல்ஃபேட். பெயரைப் பார்த்துப் பயப்படவேண்டாம். பித்த உப்பு. சாப்பிட்ட கொழுப்பைக் கரைக்க மீனுக்கு அது வேண்டும்.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். வாசனை காட்டிக்கொடுக்கிறது என்றால், எதிரி அந்த வாசனையை நிறுத்திவிட்டால் என்ன? பரிணாமத்தில் அதற்குப் போதுமான அவகாசம் இருந்ததே? நிறுத்தலாம். நிறுத்தினால் சாப்பிட்டது செரிக்காது. சாப்பிடவேண்டும் என்றால் வாசனை வெளியே வந்தே தீரும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே புழுவும் மீனும் தன் வயிற்றால் கெடுகின்றன. டாப்னியா இத்தனை காலமாக மோப்பம் பிடித்து வைத்திருப்பது, எதிரியால் மறைக்கவே முடியாத ஒரு சங்கதியை. உளவுத்துறைக்காரர்கள் பாடம் கேட்கலாம்.

*

"எதுக்கு மாமா இவ்வளவு கஷ்டம்? எப்பவுமே ஹெல்மெட்டோட பொறந்துட்டா என்ன?"

நல்ல கேள்வி. ரால்ஃப் டோல்ரியான், ட்ரூ ஹார்வெல் இருவரும் தொகுத்து 1999-ல் இந்த விஷயத்துக்கென்றே ஒரு தடிப் புத்தகம் வந்தது. இந்தத் துறைக்காரர்கள் பொதுவாக நான்கு நிபந்தனை சொல்வார்கள். வேண்டும்போது மட்டும் கவசம் என்கிற ஏற்பாடு வரவேண்டுமானால், ஒன்று, ஆபத்து சில சமயம் இருக்கவேண்டும், சில சமயம் இருக்கக்கூடாது. இரண்டு, ஆபத்து வருவதை நம்பகமாகச் சொல்ல ஒரு தகவல் வேண்டும். மூன்று, கவசம் நிஜமாகவே பயன்படவேண்டும். நான்கு, கவசத்துக்கு ஒரு விலை இருக்கவேண்டும்.

நான்காவதுதான் முக்கியம். விலை இல்லையென்றால் எல்லாரும் எப்போதும் போட்டுக்கொண்டு திரிவார்கள். டாப்னியாவுக்கு என்ன விலை? பிடரியில் பல் முளைத்த டாப்னியா வயசுக்கு வரத் தாமதமாகிறது. அதன் ஆயுள் சில வாரம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாளில் முதல் ஈடு குட்டி. பிறகு ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒரு ஈடு. இந்தக் கணக்கில் ஒரு நாள் தாமதம் என்பது நமக்கு 'கல்யாணம் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' மாதிரி கிடையாது. வட்டிக்கு வட்டி ஏறும் கணக்கு. எதிரியே இல்லாத குளத்தில் கவசத்தோடு அலைகிறவளைவிட வெறுந்தலைக்காரிக்கு நாலு பேத்தி அதிகம். கொஞ்ச நாளில் குளம் முழுக்க வெறுந்தலைதான் மிஞ்சும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. எதிரிகள் இரண்டு பேர். இரண்டு பேரும் இரண்டு விதம்.

கயோபோரஸ் புழுவுக்கு வாய் சின்னது. ஆகவே சின்ன டாப்னியாவாகப் பார்த்துப் பிடிக்கும். அதனிடமிருந்து தப்பிக்கச் சீக்கிரம் பெரிசாகவேண்டும். மீனுக்குக் கண் கூர்மை. பெரிசாகத் தெரிவதைத்தான் முதலில் கொத்தும். அதனிடமிருந்து தப்பிக்கச் சின்னதாகவே இருக்கவேண்டும். புழு வாசனை வந்தால் டாப்னியா உடம்பை வளர்த்து, குட்டி போடுவதைத் தள்ளிவைக்கிறது. மீன் வாசனை வந்தால் சின்ன உடம்போடு அவசரமாகக் குட்டி போட ஆரம்பிக்கிறது. பகலில் கீழே இருட்டுக்குப் போய், ராத்திரி மேலே வந்து சாப்பிடுகிறது. அதற்கும் விலை உண்டு. அடியில் குளிர், தீனி குறைச்சல், வளர்ச்சி மந்தம். மீன் இல்லாத தண்ணீரில் இந்த நைட் ஷிஃப்ட் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

ஒரு எதிரிக்கான தற்காப்பு இன்னொரு எதிரிக்கு விருந்து வைப்பதாக ஆகிவிடும். ஆபீஸில் இரண்டு மேனேஜர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஒருவருக்குக் கேள்வி கேட்டால் பிடிக்காது. இன்னொருவருக்குக் கேள்வி கேட்காமல் இருந்தால் பிடிக்காது. கேபினுக்குள் நுழைவதற்குமுன் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வது எத்தனை அவசியம்! டாப்னியாவுக்கும் 'ஆபத்து' என்ற பொதுச் செய்தி போதாது. யார் என்கிற பெயர் வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை இல்லாமல் இல்லை. கவசம் முளைக்க நேரம் வேண்டும். "உன் தொட்டியில் போடுகிறாயே, அது முளைக்க நாள் கணக்கு ஆகும். உன் மீனுக்கு ஒரு நிமிஷம் போதும்" என்றேன். பையன் முகத்தில் முதல்முறையாகக் குற்ற உணர்ச்சி தெரிந்தது. அரை நிமிஷம் நீடித்தது.

*

கவசம் டாப்னியாவின் தனிச் சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்வீடனில் குரூஷியன் கெண்டை என்று ஒரு மீன். அதன் எதிரி பைக். இரண்டு சக்கரம் உள்ளது இல்லை. நீட்டு மூக்கும் நிறையப் பல்லும் உள்ள இன்னொரு மீன். பைக் இருக்கும் குளத்தில் இந்தக் கெண்டையின் உடம்பு மேலும் கீழும் பருத்து, தாம்பாளம் மாதிரி ஆகிவிடுகிறது. பைக்கின் வாய்க்குள் நுழையாத சைஸ். பிரான்மார்க், மைனர் என்ற இருவர் 1992-ல் இதை எழுதினார்கள். பைக் இல்லாத குளத்தில் கெண்டை ஒல்லியாகவே இருக்கிறது. ஒல்லியாக இருந்தால் நீந்துவது சுலபம்.

இன்னொரு அதிசயம் 1999-ல் வெளியானது. அனுராக் அகர்வால், லாஃபோர்ஷ், டோல்ரியான் மூவரும் சேர்ந்து எழுதிய ஆராய்ச்சி. டாப்னியா அம்மா எதிரி வாசனையை அனுபவித்தவள். மகள்களை வாசனையே இல்லாத சுத்தமான தண்ணீரில் வளர்க்கிறார்கள். இருந்தும் மகள்களின் ஹெல்மெட், பயமே அறியாத அம்மாவின் மகள்களுடையதைவிடப் பெரிசாக இருந்தது. அம்மா பட்ட பயம் மகள் தலையில் முளைக்கிறது. அதே கட்டுரையில் காட்டு முள்ளங்கிச் செடியும் கம்பளிப்பூச்சிக்கு எதிராக இதையே செய்வதைக் காட்டினார்கள்.

நம் வீடுகளிலும் இது உண்டு. 'தாத்தா கடன் வாங்கிக் கெட்டார், அதனால் நம்ம குடும்பத்தில் யாரும் பிஸினஸ் பண்றதில்லை' என்று பேரன் சொல்வான். டாப்னியாவிடம் ஒரு நல்ல குணம். எதிரி போய்விட்டான் என்றால், தலைமுறை ஓட ஓட ஹெல்மெட்டும் சின்னதாகிவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு ஆபீஸில் ஒருவர் எந்தக் கடிதம் வந்தாலும் மூன்று ஜெராக்ஸ் எடுத்து மூன்று ஃபைலில் போடுவார். ஒரு காலத்தில் இருந்த மேலதிகாரி பேப்பரைத் தொலைத்துவிட்டு இவரைத் திட்டியிருக்கிறார். அந்த மேலதிகாரி ரிடையர் ஆகிப் பல வருஷம் ஆயிற்று. ஜெராக்ஸ் தொடர்கிறது. கழற்றத் தெரியாத ஹெல்மெட்.

சரி, இந்தக் குணம் எத்தனை சீக்கிரம் மாறக்கூடியது? பெல்ஜியத்தில் அவுட் ஹெவர்லே என்ற ஊரில் ஒரு மீன் குளம். காலம் கஷ்டமாகும்போது டாப்னியா ஒரு தடித்த உறையில் முட்டை போட்டு வைக்கும். அந்த உறை பார்க்கக் குதிரைச் சேணம் மாதிரி இருக்கும். முட்டைகள் சேற்றில் பல பத்து வருஷம் தூங்கிவிட்டும் பொரிக்கும். குளத்தில் மீன் விட்ட கணக்கு பதிவேட்டில் இருக்கிறது. வெவ்வேறு ஆழத்துச் சேற்றிலிருந்து முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்தார்கள். மீன் அதிகம் விட்ட காலத்து டாப்னியாக்கள் மீன் வாசனைக்கு அலறிக்கொண்டு வெளிச்சத்தைவிட்டு ஓடின. மீன் குறைந்த காலத்தவை அத்தனை அலறவில்லை. 2001-ல் வெளியான முடிவு. தாத்தா, அப்பா, பேரன் மூவரையும் ஒரே கண்ணாடிக் குவளையில் நிறுத்தி, 'யாருக்கு எவ்வளவு பயம்?' என்று கேட்ட மாதிரி. எந்த உளவியல் டாக்டருக்கும் இந்த வாய்ப்புக் கிடைக்காது.

*

இதுவரை சொன்னது ஆச்சரியம். இனிமேல் சொல்வது கொஞ்சம் கவலை.

டாப்னியாவின் பாதுகாப்பு முழுக்க ஒரு வாசனையில் தொங்குகிறது. ஹெல்மெட் பிற்பாடுதான். முதலில் சேதி சரியாக வரவேண்டும். அந்தச் சேதி வரும் தண்ணீரில் நாம் என்னென்னவோ கரைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜப்பானில் ஹனசாட்டோ என்ற ஆராய்ச்சியாளர் 1991-ல் ஒன்றைக் காட்டினார். கார்பரில் என்ற பூச்சிமருந்தைத் துளியூண்டு தண்ணீரில் கலந்தால், எதிரியே இல்லாமல் டாப்னியாவுக்கு ஹெல்மெட் முளைக்கிறது. பொய் அலாரம். செலவு மட்டும் நிஜம்.

இதற்கு நேர் எதிர் 2004-ல் கனடாவிலிருந்து வந்தது. தண்ணீரில் தாமிரம் கொஞ்சம் கூடினால், புழு வாசனை இருந்தும் பிடரிப் பல் ஒழுங்காக முளைக்கவில்லை. எதிரி வந்து நிற்கிறான். மணி அடிக்கவில்லை.

2018-ல் இன்னும் பெரிய சங்கதி. ஜெர்மனியில் 4 நீர்த்தேக்கங்களின் 35 வருஷப் பதிவுகளைப் பார்த்ததில், தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்ஸைடு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. தண்ணீரின் அமிலத்தன்மையும் கூடியிருக்கிறது. அதே ஆராய்ச்சிக்காரர்கள் பரிசோதனைச் சாலையில் கார்பன் டை ஆக்ஸைடு கூடிய தண்ணீரில் டாப்னியாவை வளர்த்துப் பார்த்தார்கள். எதிரி வாசனைக்கு அது காட்டும் பதில் மழுங்கிப்போயிற்று. பற்கள் குறைந்தன. சளி பிடித்த மூக்கோடு காஸ் கசிகிற வீட்டில் படுத்திருப்பது போல.

டாப்னியாவுக்குக் கண் இருக்கிறது. ஆனால் இருட்டில் அசையாமல் படுத்திருக்கும் கண்ணாடிப் புழுவைக் காண அது உதவாது. எத்தனையோ லட்சம் தலைமுறை கட்டிக் காத்த ஒரு உளவு ஏற்பாடு. எதிரியால் மறைக்க முடியாத ஏப்பத்தை வைத்து அமைந்தது. புழுவாலும் மீனாலும் கெடுக்க முடியாததை, அதற்கு எதிரியே இல்லாத நாம் கெடுத்துக்கொண்டிருக்கிறோம். அதைக் கெடுக்கவேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. வயலுக்கு மருந்து அடித்தோம், வண்டி ஓட்டினோம், அவ்வளவுதான்.

"ரவை சைஸ் பூச்சி மாமா. அதுக்கு மூக்கு அடைச்சா நமக்கென்ன?" என்றான் பையன்.

நமக்கு நிறைய. ஏரியில் பாசி மண்டாமல் மேய்ந்து வைத்திருப்பது அதுதான். நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டிப் பாசியைத் தின்றுகொண்டே இருக்கிறது. டாப்னியா நிறைய இருக்கும் ஏரியில் தண்ணீர் தெளிவு. அது குறைந்தால் தண்ணீர் பச்சைக் குழம்பு. அதேசமயம் ஏரி மீனின் குஞ்சுகளுக்கு முதல் சாப்பாடும் அதுதான். மேலே பாசி, கீழே மீன் என்று இரண்டு பக்கத்துக்கும் நடுவே கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் குமாஸ்தா. குமாஸ்தா ஒரு நாள் லீவு போட்டால்தான் ஆபீஸில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது மற்றவர்களுக்குத் தெரியவரும்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு செல்போனில் ஏதோ தேடினான். லென்ஸ் என்ன விலை என்று பார்க்கிறானாம். "பத்து மடங்கு பெரிசாக் காட்டறது போதுமா மாமா?"

போதும். உங்களுக்கும் ஆசை இருந்தால் ஒரு வெள்ளைக் கிண்ணம், கொஞ்சம் குளத்துத் தண்ணீர், ஒரு லென்ஸ். ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சத்தில் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு புள்ளி தத்தித் தத்தி நீந்தும். அதற்குள் இன்னும் பொடியாக ஒரு இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்.